முட்டை பொரிக்கவில்லையா, புழு சிறுத்துவிட்டதா: பி.எஸ்.எஃப். ஈக்கூட்டத்தில் கோளாறு எங்கே?

"கூட்டம் பழசாயிடுச்சு, ரத்தம் மாத்தணும்." பி.எஸ்.எஃப். ஈ (பிளாக் சோல்ஜர் ஃப்ளை; இதன் புழு கழிவைத் தின்று வளர்ந்து கோழிக்கும் மீனுக்கும் தீவனமாகும்) வளர்க்கத் தொடங்கி ஒரு வருடம் ஆனவர்களிடம் பேசினால் அநேகமாக இந்த வார்த்தை வந்துவிடும். ஆட்டுப்பட்டியில் கிடா மாற்றுவதுபோல, வேறு பண்ணையிலிருந்து பத்து கிராம் முட்டை வாங்கிக் கலந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள். சில சமயம் சரியாகத்தான் செய்கிறது. ஆனால் சென்னை மாதிரி ஊரில் ரத்தத்தின் மேல் போடுகிற பழியில் பெரும்பகுதி தகரக் கூரைக்கும், மார்கழி மேகத்துக்கும், கோயம்பேட்டிலிருந்து வரும் கழிவின் தரத்துக்கும் சேர வேண்டியது. இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. உள்ளினச் சேர்க்கையால், அதாவது சொந்தத்துக்குள்ளேயே இணை சேர்வதால், நொடித்துப்போன கூட்டத்துக்குத் தவிட்டையும் விளக்கையும் மாற்றி மாற்றி வைத்து மாதக்கணக்கில் பணத்தைக் கரைப்பவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. விலை உயர்ந்த ஆய்வகம் வேண்டாம். போனில் மாட்டும் சின்ன லென்ஸ், மில்லிகிராம் காட்டும் தராசு, ஒரு நோட்டு, கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் கூண்டில் எந்த அறிகுறியோ அங்கே போகலாம். ஆனால் முதலில் உள்ள கணக்கை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

எத்தனை ஈ என்பது வேறு, எத்தனை பெற்றோர் என்பது வேறு

ஒரு பி.எஸ்.எஃப். முட்டை கிட்டத்தட்ட 0.025 முதல் 0.03 மில்லிகிராம் எடை. ஒரு கிராமில் ஏறக்குறைய 35,000 முட்டை இருக்கும். ஒரு தாய் ஈ ஒரே குவியலாக 400 முதல் 800 முட்டை வரை இடும். அப்படியானால் நீங்கள் வாங்கிய ஒரு கிராமில் இருப்பது 45 முதல் 90 தாய்களின் பிள்ளைகள். கூண்டில் பத்தாயிரம் ஈ பறந்தாலும் அவற்றின் பரம்பரை அவ்வளவுதான் அகலம். அதுவும் விற்றவர் ஒரே நாளில், ஒரே கூண்டின் ஒரு மூலையிலிருந்து சுரண்டித் தந்திருந்தால் இன்னும் குறுகலாக இருக்கும்.

ஒவ்வொரு தலைமுறையிலும் உள்ளினச் சேர்க்கை எவ்வளவு கூடுகிறது என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு: ஒன்றை, செயல்படும் பெற்றோர் (அடுத்த தலைமுறைக்கு உண்மையில் பிள்ளை தரும் ஈக்கள்) எண்ணிக்கையின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 50 பெற்றோர் என்றால் தலைமுறைக்கு ஒரு சதவீதம். நம்மூர் வெப்பத்தில் முட்டையிலிருந்து முட்டைக்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் என்று வைத்தால் வருடத்துக்கு எட்டுத் தலைமுறை, மொத்தம் 7.7 சதவீதம். அத்தை மகனைக் கட்டிக்கொண்டவர்களின் பிள்ளைக்கு இந்த அளவு 6.25 சதவீதம், தாய்மாமனைக் கட்டிக்கொண்டவர்களின் பிள்ளைக்கு 12.5. ஆக, 50 பெற்றோரோடு ஓடும் கூண்டு ஒரே வருடத்தில் அத்தை மகன் கல்யாணத்தைத் தாண்டிவிடுகிறது, இரண்டாம் வருடத்தில் தாய்மாமன் கல்யாணத்தையும். 500 பெற்றோர் உண்மையாகவே இருந்தால் தலைமுறைக்கு 0.1 சதவீதம்தான், அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

"உண்மையாகவே" என்பதில்தான் சிக்கல். இரண்டு ஓட்டைகள் வழியாக அந்த எண் கசிந்துவிடும்.

முதலாவது ஆண், பெண் விகிதம். நான்கை ஆண் எண்ணிக்கையாலும் பெண் எண்ணிக்கையாலும் பெருக்கி, மொத்தத்தால் வகுக்க வேண்டும். 900 ஆணும் 100 பெண்ணும் இருக்கும் கூண்டு ஆயிரம் ஈக் கூண்டு அல்ல, 360 ஈக் கூண்டு.

இரண்டாவது, ஒரே ஒரு மோசமான தலைமுறை. நான்கு தலைமுறை ஆயிரம் ஆயிரமாக ஓடி, ஐந்தாவதில் இருபதாகச் சுருங்கினால் சராசரி எண்ணூறு என்று மனம் கணக்குப் போடும். மரபுக்கணக்கு அப்படிப் போவதில்லை. சின்ன எண்ணே அதிகம் இழுக்கும் தலைகீழ்ச் சராசரியில் (ஹார்மோனிக் மீன்) அது 93. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் சில பகுதிகளில் மின்சாரம் நாள்கணக்கில் வரவில்லை. அந்த மாதிரி வாரத்தில் கைப்பிடி கூட்டுப்புழுவைக் காப்பாற்றி மறுபடி பெருக்கிய கூட்டம், இன்றைக்கு எத்தனை லட்சம் புழுவாக இருந்தாலும் அந்தக் கைப்பிடியின் பிள்ளைகள்தான். கூட்டத்தின் வரலாறு தெரியாமல் நோய் பார்க்க முடியாது என்பதால், முதல் வேலையாக நோட்டில் இதை எழுதுங்கள்: எங்கிருந்து, எத்தனை கிராமில் தொடங்கியது, எப்போதெல்லாம் சுருங்கியது.

ஈ நிறைய இருக்கிறது, முட்டையே இல்லை

இது ரத்தக் கோளாறு அல்ல. நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் வெளிச்சம்.

பி.எஸ்.எஃப். இணை சேர பலமான வெளிச்சம் வேண்டும். அதன் கண் புற ஊதா, நீலம், பச்சை ஒளிக்குக் கூர்மையானது. சாதாரண டியூப் லைட்டில் நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அறை, ஈக்கு அந்தி நேரம். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடியிருக்கும் வாரங்களில் முட்டை நின்றுபோவது சென்னை பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் பழக்கமான சங்கதி. வெயில் வந்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் முட்டை வந்தால் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

வெளிச்சம் சரியாக இருந்தால் தண்ணீர் பாருங்கள். இந்த ஈ சாப்பாடு இல்லாமல் வாழும், தண்ணீர் இல்லாமல் வாழாது. அடுத்து, முட்டை, அதற்கென்று நீங்கள் இடுக்கோடு வைத்த மரச்சட்டத்தில் இல்லாமல் வலையின் மடிப்பிலும் கூண்டுக் காலிடுக்கிலும் இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். சட்டத்தின் இடுக்கை விட வலை மடிப்பு பிடித்துப்போனால் அங்கேதான் இடும்.

முட்டை இருக்கிறது, பொரிக்கவில்லை

இங்கேதான் நிதானம் வேண்டும். பொரிக்காத முட்டை எல்லாம் ஒரே மாதிரி சாவதில்லை.

மரச்சட்டங்களைப் பிரித்து, குவியல் குவியலாகப் பார்க்க வேண்டும். மொத்தமாகச் சுரண்டிக் கிண்ணத்தில் போட்டுவிட்டால் சாட்சியம் அழிந்துவிடும். சட்டத்தை இரண்டாகப் பிரித்து ஒவ்வொரு குவியலையும் தனித்தனி அட்டைத் துண்டில் வைத்து எண் போடுங்கள். இருபது, முப்பது குவியல் போதும். புது முட்டை ஒரு மில்லிமீட்டர் நீளத்தில், தந்த நிறத்தில், இரு முனையும் ஒடுங்கி இருக்கும். மூன்றாம் நாள் லென்ஸில் பார்த்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முட்டை கொஞ்சம் மங்கிய மஞ்சளாகி, ஒரு முனையில் செம்பழுப்பாக இரண்டு புள்ளி தெரியும். அவை கண்கள். 24 டிகிரியில் பொரிக்க 105 மணி நேரம் வரை ஆகும். நம்மூர் சூட்டில் அதைவிடச் சீக்கிரம்.

இப்போது குவியல்வாரியாக என்ன தெரிகிறது?

ஒரு குவியல் முழுக்கக் கண்புள்ளியே இல்லாமல் தந்த நிறத்திலேயே இருந்து வற்றிப்போகிறது, பக்கத்துக் குவியல் முழுக்கப் பொரிக்கிறது என்றால் முதல் தாய் இணை சேராமலே முட்டை இட்டிருக்கிறாள். மறுபடியும் வெளிச்சம்தான், அல்லது ஆண் பற்றாக்குறை.

எல்லாக் குவியலிலும் கண்புள்ளி வந்து, எல்லாக் குவியலிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் செத்திருக்கிறது, ஓட்டில் குழி விழுந்திருக்கிறது என்றால் அனலும் வறட்சியும். சித்திரை, வைகாசியில் சட்டத்தைக் கூண்டுக்குள்ளேயே விட்டு வைத்தால் இதுதான் நடக்கும். அன்றன்று எடுத்து, ஈரத்துணி மூடிய பெட்டியில் நிழலில் வைத்த முட்டை பொரிக்கிறதா பாருங்கள்.

மூன்றாவது வகைதான் ரத்தத்தைச் சந்தேகிக்க வேண்டியது. எல்லாக் குவியலும் ஒரே பெட்டியில், ஒரே ஈரத்தில் இருந்தும் சில குவியல் முழுசாகப் பொரிக்கிறது, சிலவற்றில் கால்வாசி போல நின்றுவிடுகிறது, சிலவற்றில் அதற்கும் மேல். இதற்குக் காரணம் உண்டு. கருவைக் கொல்லும் ஒடுங்கு மரபணு (இரண்டு பிரதி சேர்ந்தால்தான் வேலை காட்டும்) ஒன்றை அப்பன், ஆத்தா இருவருமே ஒற்றைப் பிரதியாகச் சுமந்தால், பிள்ளைகளில் நான்கில் ஒன்றுக்கு இரண்டு பிரதியும் சேர்ந்துவிடும். சொந்தத்துக்குள் சேரச் சேர அப்படிப்பட்ட ஜோடிகள் கூடும். இம்மாதிரி மரபணு ஒன்றல்ல, பல இருப்பதால் எண் எப்போதும் சரியாகக் கால்வாசி என்று நிற்காது. அதனால் எண்ணைப் பிடித்துத் தொங்காமல், குவியலுக்குக் குவியல் வேறுபாடு எவ்வளவு என்பதைப் பாருங்கள். வெயில் எல்லா வீட்டையும் ஒரே மாதிரி அடிக்கும், பரம்பரைக் கோளாறு வீட்டுக்கு வீடு வேறுபடும்.

தேனீ வளர்ப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி இருக்கிறது. தேனீயின் பால் நிர்ணய மரபணுவில் இரண்டு பிரதியும் ஒன்றாகிப்போனால் பெண்ணாக வேண்டிய முட்டை ஆணாகிவிடும். வேலைக்காரத் தேனீக்கள் அந்தப் புழுவைத் தின்றுவிடும். அடைச்சட்டத்தில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். ராணி சொந்தத்துக்குள் சேர்ந்திருக்கிறாள் என்று ஒரு பார்வையில் ஊகித்துவிடலாம். ஈக்கு அப்படி அடையாளம் கிடையாது. எண்ணித்தான் ஆக வேண்டும்.

பொரிக்கிறது, ஆனால் புழு வரவர சிறுக்கிறது

பொரிப்பு நன்றாக இருந்து புழுவின் எடை மட்டும் இறங்கினால் உள்ளினச் சேர்க்கை எனக்குக் கடைசிச் சந்தேகம்தான். சொந்தத்துக்குள் சேர்வதால் முதலில் அடிபடுவது முட்டை எண்ணிக்கை, பொரிப்பு, உயிர் பிழைப்பு போன்றவை. உடல் அளவு அவ்வளவு சீக்கிரம் அடிபடாது. அதனால் முதலில் தீவனம். காய்கறிச் சந்தைக் கழிவு ஒரு வாரம் முட்டைக்கோஸ் இலையாக வரும், மறுவாரம் தர்பூசணித் தோலாக வரும். இரண்டிலும் தண்ணீரைத் தவிர என்ன இருக்கிறது?

சோதிக்க, ஒரு மாறாத தீவனம் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுகளில் வழக்கமாகப் பயன்படுத்துவது கெய்ன்ஸ்வில் கலவை: கோதுமைத் தவிடு 50 பங்கு, குதிரைமசால் 30, மக்காச்சோள மாவு 20. குதிரைமசால் கிடைக்கவில்லையென்றால் இரண்டை வைத்தே செய்யலாம். ஒவ்வொரு முறையும் ஒரே கலவை, ஒரே ஈரம் என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு தலைமுறையிலும் எண்ணி 200 குட்டிப்புழுவை அதில் வளர்த்து, குறித்த நாளில் 100 புழுவை எடை போட்டு எழுதுங்கள். அந்த எண் நிலையாக இருந்து உற்பத்தித் தட்டில் மட்டும் எடை குறைந்தால் சந்தைக் கழிவைக் குறை சொல்லுங்கள், ஈயை அல்ல.

அந்த எண்ணும் தலைமுறைக்குத் தலைமுறை இறங்கினால் அடுத்த கேள்வி: அடுத்த தலைமுறைக்கான புழுவை எங்கிருந்து எடுக்கிறீர்கள்? பெரும்பாலான பண்ணையில் சரிவுப் பாதையில் தானாக ஏறி முதலில் வாளியில் விழும் கரும்புழுக்களை (கூட்டுப்புழுவாகும் முன் கறுத்தவை) இனவிருத்திக்கு ஒதுக்கிவிட்டு, மீதியைக் கோழிக்கும் மீனுக்கும் அனுப்புகிறார்கள். சுலபமான வழிதான். ஆனால் முதலில் ஏறுபவை வேகமானவை; அதனால் பெரியவை என்று அர்த்தமில்லை. பெண் புழு நிதானமாகத் தின்று, கனத்து, பிந்தி வரும். முந்தி வருவதை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் உங்களை அறியாமலேயே வேகமான, சின்னப் புழுவுக்கு இனத்தெரிவு செய்கிறீர்கள். ஈ சின்னதானால் அது இடும் முட்டையும் குறையும். இதுவும் மரபுக் கோளாறுதான், ஆனால் வெளி ரத்தம் இதற்கு மருந்தல்ல. புது ரத்தத்தையும் அதே வாளியால் வடிகட்டினால் சில தலைமுறையில் அதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள். ஏற ஆரம்பித்த நாள், நடு நாள், கடைசி நாள் மூன்றிலும் சமமாக எடுப்பதுதான் வழி.

கூட்டுப்புழுவோடு நின்றுவிடுகிறது

கூடு வெடிக்காமல் காய்ந்து கிடந்தால் முதலில் வெப்பமானி. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் 27, 30 டிகிரியில் நன்றாக ஈயானவை, நிலையாக 36 டிகிரியில் வைத்தபோது 0.1 சதவீதம்தான் ஈயாயின. மே மாத மதியத்தில் தகரக் கூரைக்குக் கீழே 36 என்பது குளிர்ந்த நாள். கூட்டில் சின்ன வட்டத் துளை இருந்தால் உள்ளே வளர்ந்து வெளியேறியது ஈ அல்ல, ஒட்டுண்ணிக் குளவி. கூட்டுப்புழுப் பெட்டிக்கு மெல்லிய வலை போடுங்கள். ஈ வெளியே வந்தும் இறக்கை விரியாமல் சுருண்டிருந்தால் பெட்டிக்குள் ஈரம் போதவில்லையா, மேலே ஏறி நிற்க இடமில்லையா என்று பார்த்துவிட்டுத்தான் ரத்தத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஆண் ஈயே அதிகம்

ஆண் ஒன்றிரண்டு நாள் முந்தி வெளிவரும். முதல் இரண்டு நாள் வந்த ஈயை மட்டும் கூண்டில் விட்டு மூடிவிட்டால் ஆண்கள் கூண்டுதான் கிடைக்கும். கூட்டுப்புழுவை ஒரு வாரமாவது கூண்டுக்குள் விட்டு வையுங்கள். மேலே சொன்ன முந்திய புழு வாளியும் இதே பக்கம்தான் இழுக்கும்.

எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகச் சரிகிறது

முட்டை கிராம் குறைகிறது, பொரிப்பு குறைகிறது, புழு சாவது கூடுகிறது, வெயில் காலம், மழைக்காலம் என்ற பேதம் இல்லை, மாறாத தீவனத்திலும் அப்படியே. நோட்டிலும் ஒரு சுருக்கம் பதிவாகியிருக்கிறது. இப்போது ரத்தத்தைச் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. ஆனாலும் உடனே கலந்துவிடாதீர்கள். முதலில் ஒரு கலப்புச் சோதனை.

உங்களுடையதோடு சொந்தமில்லாத வேறொரு கூட்டத்திலிருந்து முட்டை வாங்கித் தனியாக ஒரு தலைமுறை வளர்த்துக்கொள்ளுங்கள். உங்களுடையது 'அ', அது 'ஆ'. இரண்டும் ஒரே தீவனம், ஒரே அறை. ஈ வெளிவந்த அன்றே ஆண், பெண் பிரிக்க வேண்டும். இணை சேர்வது வழக்கமாக வெளிவந்து இரண்டு நாள் கழித்துத்தான் என்பதால் முதல் நாளுக்குள் பிரித்தால் கன்னி ஈ என்று நம்பலாம். குழாயில் பிடித்து ஃபிரிட்ஜில் சில நிமிடம் வைத்தால் ஈ மரத்துப்போய்க் கையில் நிற்கும். மல்லாத்திப் பார்த்தால் பெண்ணின் வயிற்று நுனி ஒடுங்கி, ஊசி போல உள்வாங்கி நீளும் முட்டையிடும் உறுப்போடு இருக்கும். ஆணின் நுனி மழுங்கி, கொக்கி மாதிரி பிடிப்பான் தெரியும். பத்து ஈ பார்த்துவிட்டால் அப்புறம் கண் தானாகப் பிரிக்கும்.

நான்கு கூண்டு: அ ஆணும் அ பெண்ணும், ஆ ஆணும் ஆ பெண்ணும், அ ஆணும் ஆ பெண்ணும், ஆ ஆணும் அ பெண்ணும். கூண்டுக்கு ஐம்பது ஜோடி இருந்தால் நல்லது. நான்கும் ஒரே வெளிச்சத்தில், இடத்தைத் தினம் மாற்றி மாற்றி. எண்ண வேண்டியது: குவியலுக்கு எத்தனை முட்டை, எத்தனை சதவீதம் பொரித்தது, எத்தனை புழு கூடு வரை வந்தது, எத்தனை ஈயானது.

கலப்புக் கூண்டுகளின் பொரிப்பும் பிழைப்பும் அ, ஆ இரண்டையும் விட ஏறி நின்றால் உள்ளினச் சேர்க்கைதான், இரண்டு கூட்டத்திலுமே. கலப்பு ஆ அளவுக்கு வந்து அ மட்டும் கீழே கிடந்தால் உங்கள் கூட்டம் மட்டும் நொடித்திருக்கிறது. நான்கும் ஒரே அளவில் கீழே இருந்தால் ரத்தத்தை விடுங்கள். உங்கள் ஷெட்டில், தண்ணீரில், தீவனத்தில் ஏதோ இருக்கிறது. கடைசியாகச் சொன்ன இந்த முடிவு வரும்போது மனம் ஒப்பாது, ஆனால் இதுதான் அதிகப் பணத்தை மிச்சப்படுத்தும் முடிவு.

ஒரு நுணுக்கத்தைப் பலர் கோட்டை விடுகிறார்கள். கலப்புக் கூண்டின் முட்டைக்குள் இருக்கும் கரு புது ரத்தம், ஆனால் அதை இட்ட தாய் இன்னும் பழைய உள்ளினத் தாய்தான். ஆகவே முதல் தலைமுறையில் பொரிப்பு உயரும், முட்டை எண்ணிக்கை உயராது. முட்டை எண்ணிக்கை உயர்ந்ததா என்று கலப்பில் பிறந்த மகள் முட்டை இடும்போதுதான் தெரியும். அந்த ஒன்றரை மாதம் பொறுக்காமல் "புது ரத்தம் போட்டும் முட்டை கூடல" என்று இன்னொரு இடத்தில் முட்டை வாங்குபவர்கள் உண்டு.

புது ரத்தம் சேர்த்தும் பலனில்லை, அல்லது மோசமாகிவிட்டது

பலன் இல்லாததற்கு எளிய காரணம், அது புது ரத்தமே இல்லை. உலகம் முழுதும் எடுத்த ஈக்களின் மரபணுவை ஒப்பிட்டு 2021-இல் வெளியான ஆய்வில், பல கண்டங்களின் வளர்ப்புக் கூட்டங்கள் வட அமெரிக்காவில் வளர்ப்புக்கு வந்த ஒரே இனவழியிலிருந்து கிளைத்தவை என்று தெரிந்தது. உலக அளவிலேயே அப்படி என்றால், செங்குன்றத்தில் வாங்கியவரும் பூந்தமல்லியில் வாங்கியவரும் ஒரே மூலத்திலிருந்து வாங்கியிருப்பது ஆச்சரியமல்ல. முட்டை கேட்கும் முன் "நீங்க யாருகிட்ட வாங்குனீங்க, அவரு யாருகிட்ட?" என்று இரண்டு படி பின்னால் கேளுங்கள். விலையை விட அந்தப் பதில் முக்கியம்.

உண்மையான புது ரத்தம் பல நேரம் மதிற்சுவருக்கு வெளியே பறக்கிறது. பி.எஸ்.எஃப். நம்மூர் உரக்குழிகளில் தானாகவே வரும். அட்டை இடுக்கோடு ஒரு பொறியைப் புளித்த தவிட்டுக்கு மேலே, கூண்டிலிருந்து தள்ளி, உரக்குழி ஓரம் வைத்தால் வெளி ஈ முட்டையிடும். வேறு ஈயின் புழுவும் வரும் என்பதால் தனியாக வளர்த்து, ஈயான பிறகு அடையாளம் பாருங்கள்: வயிற்றின் மேல்பகுதியில் கண்ணாடி ஜன்னல் போல இரண்டு ஒளிபுகும் இடம், கால் நுனி வெள்ளை, நீண்ட உணர்கொம்பு. ஒன்று சொல்லிவிடுகிறேன்: காட்டு ஈ கூண்டுக்குள் சரியாக இணை சேராது. பல தலைமுறையாகக் கூண்டுக்குப் பழகிய ஈ பெற்ற குணம் அதற்கு இல்லை. ஆகவே முதலில் முட்டை குறைந்தால் பதறாதீர்கள். பழைய கூட்டத்தை முழுக்க அதோடு கலக்கவும் வேண்டாம். அப்படிக் கலந்து கூண்டுப் பழக்கத்தை இழப்பதுதான் "மோசமாகிவிட்டது" என்பதற்கு ஒரு காரணம்.

இன்னொரு காரணம், முட்டையோடு வந்த வேறு சரக்கு. நோயும், பேனும், ஒட்டுண்ணியும் கிராம் கணக்கில் காசு வாங்காமல் வரும். தீவனத்துக்காக வீட்டுச் சில்லுவண்டு வளர்த்தவர்கள் இதை நன்றாக அறிவார்கள். அதைக் கொல்லும் டென்சோவைரஸ் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பண்ணை பண்ணையாகக் காலி செய்தது. கொளத்தூர் மீன் சந்தையில் உயிர்த்தீவனம் வாங்கி அப்படியே தன் பெட்டியில் கொட்டுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். எந்த முட்டையானாலும் ஒரு தலைமுறை தனி அறை, தனி வலை, தனிக் கரண்டி.

வெளிநாட்டு இனத்தைப் பெட்டியில் போட்டு விமானத்தில் கொண்டுவரும் ஆசை வேண்டாம். பூச்சி இறக்குமதிக்கு 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின் கீழ் அனுமதி வேண்டும். உங்கள் கூட்டத்தை வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்புவதாக இருந்தால் 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டம் இருக்கிறது. அதை நடத்தும் தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் தலைமை அலுவலகம் நம் தரமணியிலேயே இருக்கிறது, கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

சரிசெய்த பிறகு எப்படி ஓட்டுவது

உற்பத்திக் கூண்டு வேறு, இனக்கூண்டு வேறு. உற்பத்தி எவ்வளவு சுருங்கினாலும் இனக்கூண்டைத் தொடக்கூடாது. இனக்கூண்டை ஒரே பெரிய கூட்டமாக வைக்காமல் நான்கு வழியாக (தனித்தனிப் பரம்பரையாக) வைப்பதை நான் விரும்புவேன்; வழிக்கு நானூறு, ஐந்நூறு ஈ போதும். இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒருமுறை முதல் வழியின் கூட்டுப்புழுவில் பத்தில் ஒரு பங்கு இரண்டாவதுக்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு, அங்கிருந்து நான்காவதுக்கு, நான்காவதிலிருந்து முதலாவதுக்கு. எப்போதும் ஒரே திசை. குழப்பம் வராமல் இருக்கப் பெட்டி மூடிக்கு நான்கு நிறம். ஒவ்வொரு வழியும் தனக்குள் கொஞ்சம் சொந்தம் கூடினாலும், ஒன்றில் தொலைந்த மரபணு இன்னொன்றில் இருக்கும்.

முட்டை எடுப்பதில் ஒரு சின்ன மாற்றம் பெரிய பலன் தரும். ஒரு நல்ல நாளின் முட்டை முழுவதையும் அடுத்த தலைமுறைக்கு எடுக்காமல், கூண்டு முட்டையிடும் எல்லா நாளிலும், எல்லாக் குவியலிலும் ஒரு சிட்டிகை எடுங்கள். தாய்க்கு ஐந்நூறு பிள்ளை வேண்டாம், பத்து போதும், ஆனால் எல்லாத் தாய்க்கும் பத்து. எல்லாக் குடும்பத்துக்கும் சமமான வாரிசு கிடைத்தால் செயல்படும் பெற்றோர் எண்ணிக்கை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும் என்பது மரபியல் கணக்கு. இதைவிட மலிவான ரத்த மாற்று எனக்குத் தெரிந்து இல்லை.

நான்கு வழியும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தால் ஒரு மதியம் நான்கையும் சேர்த்தே கொண்டுபோகும். கத்திரி தொடங்கும் மே 4-க்கு முன்பே ஒவ்வொரு வழியிலிருந்தும் ஒரு பெட்டி கூட்டுப்புழுவைக் கான்கிரீட் கூரை உள்ள கீழ்த்தள அறைக்கோ, நண்பர் பண்ணைக்கோ மாற்றி வையுங்கள். அங்கே ஓடும் தலைமுறைக்கும் அதே நிற மூடி, அதே நோட்டு.